ஆஸ்பத்திரிக்கு எந்தப் பக்கம் வீடு பார்ப்பது?

மார்ச் மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் டாக்டர்களுக்கான மேற்பயிற்சியான ரெசிடென்சிக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு ‘மேட்ச்’ முடிவு வரும் நாள். நம் ஊரில் அப்போது ராத்திரி ஒன்பதரை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி, பால்டிமோர் என்று வந்துவிட்டால் வீடே கொண்டாடும். மறுநாள் யாராவது சொந்தக்காரர் போன் போட்டு, “அது ரொம்ப மோசமான ஊராச்சே” என்பார். அம்மா அப்பாவுக்குத் தூக்கம் போய்விடும்.

அந்தப் பேச்சில் பொய் இல்லை. 2015 முதல் 2022 வரை, சுமார் ஆறு லட்சம் பேர் வாழும் அந்த ஊரில் ஒவ்வொரு வருஷமும் 300-க்கு மேல் கொலைகள் நடந்தன. 2024-இல் அது ஏறக்குறைய 200-ஆக இறங்கியது, நல்ல மாற்றம்தான். ஆனால் ஊர்க் கணக்கை வைத்துக்கொண்டு வீடு தேட முடியாது. பால்டிமோரில் நிலைமை தெருவுக்குத் தெரு மாறும். ஒரு சிக்னலைத் தாண்டினால் வேறு ஊருக்கு வந்துவிட்டது போல இருக்கும். ஏன் அப்படி என்று தெரிந்துகொண்டால் பயமும் குறையும், பார்வையும் தெளியும்.

எந்தத் தெருவில் கறுப்பினத்தவர் குடியிருக்கலாம், எதில் வெள்ளையர் என்று 1910-இலேயே சட்டம் போட்டுப் பிரித்த ஊர் அது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம். 1917-இல் உச்ச நீதிமன்றம் இந்த மாதிரிச் சட்டங்கள் செல்லாது என்றது. சட்டம் போனது, பிரிவினை போகவில்லை. 1937-இல் மத்திய அரசின் வீட்டுக்கடன் அமைப்பு ஒன்று ஊர் வரைபடத்துக்கு வண்ணம் பூசித் தரம் பிரித்தது. கறுப்பினத்தவர் வாழ்ந்த தெருக்களுக்குச் சிவப்பு. அங்கே வீட்டின் மேல் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பானது. கடன் கிடைக்காவிட்டால் கூரை மாற்ற முடியாது. நல்ல விலைக்கு விற்கவும் முடியாது. 1950-இல் ஒன்பதரை லட்சம் பேர் இருந்த ஊர் 2020-இல் ஆறு லட்சத்துக்கும் கீழே வந்தது. சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகளில் ஆயிரக்கணக்கானவை பூட்டிக் கிடந்தன, ஜன்னலில் பலகை அடித்து. 1889-இல் திறந்த ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி இந்த மாற்றங்களுக்கெல்லாம் நடுவில் அதே இடத்தில் நின்றது. பிறகு இந்த நூற்றாண்டில், அதன் வடக்குப் பக்கத்தைப் புதுப்பிக்கிறோம் என்று 700-க்கும் மேற்பட்ட குடும்பங்களைக் கிளப்பிவிட்டார்கள். ‘மோசமான ஏரியா’ என்று நாம் ஒரு சொல்லில் தள்ளிவிடும் இடத்தில் தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் வாழ்கிறார்கள். அங்கே வெடிக்கும் துப்பாக்கிக்கு முதலில் பலியாவது அவர்கள் பிள்ளைகள்தான்.

சரி, எந்தப் பக்கம் பார்ப்பது? ரெசிடென்ட்டுகள் அதிகம் போவது ஆஸ்பத்திரிக்குத் தெற்கே. பிராட்வே தெருவைப் பிடித்து நேராக இறங்கினால் வாஷிங்டன் ஹில், அப்பர் ஃபெல்ஸ் பாயின்ட், கடைசியில் துறைமுகத்தை ஒட்டிய ஃபெல்ஸ் பாயின்ட். மொத்தமே இரண்டு கிலோமீட்டர் சொச்சம். தென்கிழக்கே பேட்டர்சன் பார்க்கை ஒட்டி புட்சர்ஸ் ஹில். இன்னும் தள்ளிப் போனால் கேன்டன். மேற்கே மவுண்ட் வெர்னன் அழகான பழைய பகுதி. தூரம் குறைவுதான், ஆனால் நடுவில் சிறை வளாகமும் நெடுஞ்சாலையும் குறுக்கிடுவதால் நடந்து போக ஏற்ற வழி அல்ல. அங்கே குடியிருப்பவர்களுக்குப் பல்கலைக்கழக ஷட்டில் இருக்கிறது.

இங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். ஏரியா பெயரைக் கேட்டுத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். உங்கள் பெண் அந்த ஏரியாவில் சாயங்காலம் நாலு மணிக்கு உலாத்தப் போவதில்லை. ஜனவரியில் அங்கே பொழுது விடிய ஏழேகால் தாண்டும். அவள் ஐந்தரைக்கே கிளம்பியாக வேண்டும். திரும்பும்போதும் இருட்டுதான், அதுவும் இருபத்துநாலு மணி நேர டூட்டி பார்த்த களைப்போடு. ஆகவே பார்க்க வேண்டியது அந்த நேரத்தில் அந்தப் பாதை. ஷட்டில் முதல் வண்டி எத்தனை மணிக்கு, கடைசி வண்டி எத்தனை மணிக்கு, நிறுத்தத்திலிருந்து வாசல் எத்தனை தெரு தள்ளி, வழியில் பூட்டிய வீடுகள் வரிசையாக வருகின்றனவா? வீட்டுக்குள் இருக்கும் கிரானைட் சமையல் மேடையைவிட இவை முக்கியம்.

தெருவுக்கு நேரில் போனால் தரையைப் பாருங்கள். நடைபாதை ஓரம் பொடிப்பொடியாகப் பச்சை நிறக் கண்ணாடித் துகள் கிடந்தால், அங்கே நிறுத்திய கார்களின் ஜன்னலை உடைக்கிறார்கள் என்று அர்த்தம். பால்டிமோர் வீடுகளுக்கு முன்னால் வெள்ளைச் சலவைக்கல் படிகள் இருக்கும். அதைத் தேய்த்துக் கழுவி வைத்திருக்கிறார்களா, சாயங்காலம் படியில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். ஆள் உட்காரும் தெருவில் கண்கள் அதிகம். அடுத்து வீட்டைச் சுற்றிக்கொண்டு பின் சந்துக்குப் போங்கள். முன்கதவு பளபளப்பாக இருக்கும், சந்துப் பக்கத்துக் கதவும் நிலவறை ஜன்னலும் சொத்தையாக இருக்கும். விளக்கு எரிகிறதா என்று இருட்டிய பிறகு இன்னொரு தடவை போய்ப் பாருங்கள்.

காகிதத்திலும் பாதுகாப்பு இருக்கிறது. அந்த ஊரில் வாடகைக்கு விட உரிமையாளரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும். 1978-க்கு முன் கட்டிய வீடென்றால் ஈயப் பெயின்ட் சோதனைச் சான்றும் கேளுங்கள். கைக்குழந்தை இருந்தால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கதவைத் திறந்து காட்டாத வீட்டுக்கு இங்கிருந்தபடியே முன்பணம் அனுப்பாதீர்கள்.

யாரிடம் விசாரிப்பது? சீனியர்களிடம், சரி. அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் வார்டில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகும் ஊழியர்கள், தெருமுனையில் நிற்கும் காவலர்கள். அக்கம்பக்கத்திலேயே வளர்ந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். மரியாதையாகக் கேட்டால் எந்தத் தெரு எந்த நேரம் என்று பொறுமையாகச் சொல்வார்கள். ரெசிடென்ட்டுகளின் வருஷம் ஜூன் முப்பதோடு முடிவதால், படிப்பு முடித்துப் போகிறவர்களின் வீடுகள் அந்த வாக்கில்தான் காலியாகும். முடிந்தால் ஜூன் தொடக்கத்திலேயே போய், முதல் சில வாரத்துக்கு மட்டும் ஓர் அறை எடுத்துக்கொண்டு, நடந்து பார்த்த பிறகு ஒரு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.