மிதிவண்டி மிதிவண்டியாகவே இருக்கட்டும்

பள்ளிப்பட்டிலிருந்து பொதட்டூர்பேட்டைக்கும் அம்மையார்குப்பத்திற்கும் நூல் கட்டுகளைக் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு பல ஆண்டுகளாக மிதித்துப் பழகிய ஒரு நெசவாளி, வயது ஐம்பதைக் கடந்து முழங்கால் வலியெடுக்கத் தொடங்கிய பின்னர், மேட்டில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போக நேரும்போதெல்லாம், இதற்கு ஒரு சிறு மோட்டார் இருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருக்கும் என்று எண்ணுவது இயற்கையே. அந்த எண்ணம் நல்ல எண்ணம். பெட்ரோல் செலவில்லை, புகையில்லை, உடலுக்குச் சிறிது உழைப்பும் உண்டு. பழைய வண்டியையே மின்சார வண்டியாக மாற்றிக்கொள்ளும் ‘கிட்’ என்னும் உபகரணத் தொகுதிகள் இன்று தபாலில் வீட்டு வாசலுக்கே வருகின்றன. ஆயினும், வாங்குகிறவர் எந்த மோட்டாரைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதைப் பொறுத்து, அவருடைய வாகனம் மிதிவண்டியாகவே நீடிக்கலாம். அல்லது அவர் அறியாமலே பதிவும் உரிமமும் காப்பீடும் இல்லாத ஒரு மோட்டார் வாகனமாக மாறிவிடலாம். இந்த வேறுபாட்டை விளம்பரங்கள் எடுத்துரைப்பதில்லை என்பதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை முதலில் பார்ப்போம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இரண்டாம் விதி, மின்கலத்தால் ஓடும் ஒரு வண்டி எப்போது மோட்டார் வாகனமாகக் கருதப்படாது என்பதற்குச் சில நிபந்தனைகளை விதித்திருக்கிறது. மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும்; உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும்; மிதிப்பதற்குத் துணைசெய்யும் மோட்டாராயின், வேகம் 25-ஐ நெருங்க நெருங்க அதன் உதவி படிப்படியாகக் குறைந்து முடிவில் நின்றுவிட வேண்டும், ஓட்டுகிறவர் மிதிப்பதை நிறுத்தினால் அதற்கு முன்பே நின்றுவிட வேண்டும்; தகுந்த பிரேக்குகளும், முன்னால் வெள்ளையும் பின்னால் சிவப்புமான ஒளிதிருப்பிகளும் இருக்க வேண்டும். முப்பது நிமிடத் திறன் என்பது ஒரு மோட்டார் அரைமணி நேரம் தொடர்ந்து தாங்கக்கூடிய சக்தி; ஒரு கணம் பீறிட்டு வரும் ‘பீக்’ சக்தி அன்று. ஆகவே பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து ஏமாறாமல், தொடர்திறன் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டுப் பெறுவது அவசியம்.

இதே விதியில் மிக எளிதாகக் கண்ணுக்குத் தப்பிவிடும் வாசகம் ஒன்றும் உண்டு. மேற்சொன்ன நிபந்தனைகள் நிறைவேறியிருக்கின்றன என்பதை, விதி 126-இல் குறிப்பிட்ட சோதனை முகமைகளில் ஒன்று சரிபார்த்து அங்கீகரித்திருக்க வேண்டும் என்பதே அது. புனேயிலும், மானேசரிலும், நம் பக்கத்தில் ஒரகடத்திலும் இத்தகைய சோதனை நிலையங்கள் இருக்கின்றன. தொழிற்சாலையில் முழுமையாகத் தயாராகி வரும் மின்மிதிவண்டிக்கு அந்தச் சான்றிதழை அதன் உற்பத்தியாளரே வாங்கி வைத்திருப்பார். வீட்டுத் திண்ணையில் பூட்டிய மோட்டாருக்கு அத்தகைய சான்றிதழ் இராது. “லைசென்ஸ் வேண்டாம், ஆர்.டி.ஓ. தொந்தரவு இல்லை” என்ற விற்பனையாளரின் வாய்மொழி சான்றிதழ் ஆகாது. சோதனை அறிக்கையின் நகல் இருக்கிறதா, அது எந்த மாதிரி மிதிவண்டியில் பொருத்திச் செய்த சோதனை என்று விசாரியுங்கள். இல்லை என்பாராயின், திறனிலும் வேகத்திலும் எல்லைக்குள் நிற்பதே நம் கையில் இருக்கும் ஒரே பாதுகாப்பு. முழுத் தெளிவு வேண்டுகிறவர், சான்றிதழோடு வரும் மின்மிதிவண்டியையே வாங்குவது உத்தமம்.

எல்லையை மீறினால் விளைவு சிறியதன்று. உரிமமின்றி மோட்டார் வாகனம் ஓட்டுவதற்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 2019-இல் திருத்தப்பட்டபடி, 5,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. காப்பீடு இல்லாமைக்கு முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அபராதத்தைவிடப் பெரிது, வழியில் ஒருவர் மீது மோதிவிட்டால் வரும் நஷ்டஈடு; காப்பீட்டு நிறுவனம் இல்லாதவிடத்து அந்தச் சுமை முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும். பதினோராம் வகுப்பில் அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டிக்கு 750 வாட் மோட்டார் பூட்டிப் பிள்ளையிடம் கொடுக்கும் பெற்றோர், இதையும் அறிந்துகொள்ள வேண்டும்: சிறார் மோட்டார் வாகனக் குற்றம் செய்தால், பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க அதே சட்டத்தின் 199-ஏ பிரிவு இடமளிக்கிறது. நகரிக்கோ புத்தூருக்கோ ஆந்திர எல்லை தாண்டிப் போய்வருகிறவர்களுக்கும் இதுவே பொருந்தும். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது வகுத்த எல்லைக்கோடு இரண்டு மாநிலங்களைப் பிரித்ததே ஒழிய, மோட்டார் வாகனச் சட்டம் இரு பக்கத்திற்கும் ஒன்றே.

250 வாட்டுக்கும் குறைந்த சக்தி எதற்குப் போதும் என்று கேட்பவர்கள் அநேகர். கணக்குப் போட்டுப் பார்த்தால் சந்தேகம் தீரும். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்று கொள்வோம். சமதரையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லச் சுமார் 100 வாட் சக்தி போதும். நூறு அடிக்கு ஐந்தடி உயரும் ஏற்றத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற ஏறக்குறைய 260 வாட் தேவைப்படும். அதில் மிதிப்பவர் 75 வாட் கொடுத்தாலும் மோட்டாருக்கு மிச்சம் இருப்பது 185 வாட்தான். அதற்குமேல் வேண்டுவோர் விரும்புவது வேகத்தையே, உதவியை அன்று.

இனி மோட்டாரின் வகை. சக்கரத்தின் நடுக்குடத்திலேயே அமைந்த ‘ஹப்’ மோட்டார் ஒன்று. பெடல் அச்சில் பொருத்தி, செயின் வழியாகச் சக்கரத்தை இழுக்கும் ‘மிட்-டிரைவ்’ மற்றொன்று. இரண்டாவதன் சிறப்பு, வண்டியின் கியர்களை அதுவும் பயன்படுத்திக்கொள்ளும் என்பது. ஏற்றத்தில் தாழ்ந்த கியருக்கு மாற்றினால் சிறிய மோட்டாரே பெரிய வேலையைச் செய்யும். எடையும் வண்டியின் நடுவில், தாழ்வாக அமையும். ஆனால் நம் ஊரில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை ஒற்றைப் பல்சக்கர வண்டிகள். கியரே இல்லாத வண்டியில் மிட்-டிரைவைப் பூட்டுவது, அதன் முக்கியமான பலனை விட்டுவிட்டு விலையையும் செயின் தேய்மானத்தையும் மட்டும் வாங்கிக்கொள்வதாகும். அத்தகையவர்களுக்கு 250 வாட்டுக்கு உட்பட்ட ஹப் மோட்டாரே ஏற்றது என்பது என் திடமான கருத்து.

கியர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு மிட்-டிரைவ் நல்ல துணை. உலகச் சந்தையில் அதிகம் பேசப்படும் பாஃபாங் பிபிஎஸ்01, டோங்ஷெங் டிஎஸ்டிஇசட்2 ஆகியவை ஏறத்தாழ நான்கு கிலோ எடையுள்ளவை. 1,000 வாட் பாஃபாங் பிபிஎஸ்எச்டி ஆறு கிலோவை நெருங்கும். எடை குறைவு என்பதொன்றே சட்டத்திற்குள் நிற்பதற்கு அத்தாட்சி ஆகாது. 750 வாட் பிபிஎஸ்02-உம் ஏறக்குறைய அதே நான்கு கிலோதான், உருவமும் அதேதான். டோங்ஷெங், மிதிக்கும் விசையை அளந்து அதற்கேற்ப உதவுகிறது. பாஃபாங்கின் பிபிஎஸ் வகைகள் பெடல் சுழல்வதை மட்டும் உணர்ந்து உதவுகின்றன. முதுமையில் ஓட்டுகிறவருக்கு முன்னதே இதமானது, வண்டி திடீரென்று பாய்வதில்லை. அன்றியும், பல கிட்களில் வேக எல்லையை டிஸ்ப்ளேயின் அமைப்பிலேயே மாற்றிவிடலாம். அதை 25-இல் நிறுத்தித் தரச் சொல்லுங்கள், ‘அன்லாக்’ செய்து தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

வாங்குமுன் சைக்கிள் கடைக்காரரிடம் காட்டி, பி.பி. என்று அவர்கள் சொல்லும் பெடல் அச்சுக் குழாயை அளந்து பாருங்கள். மிட்-டிரைவ் மோட்டார்களில் பெரும்பாலானவை 68 முதல் 73 மில்லிமீட்டர் அகலமுள்ள, மரையிட்ட குழாய்க்கெனச் செய்யப்பட்டவை. ஒரே துண்டாய் வளைந்த கிராங்க் உள்ள வண்டிகளின் குழாய் இதனினும் பெரிய துளையுடையது, மோட்டார் நேரே உட்காராது. பொருத்திய பின் முதல் சில நாள் ஓட்டத்திற்குள் பூட்டு நட்டு தளர்ந்திருக்கிறதா என்று சோதித்து மறுபடி முடுக்க வேண்டும். பழைய கம்பி பிரேக் இதற்குப் போதாது. பிரேக்கை அழுத்தியவுடன் மோட்டார் நிற்கும் சுவிட்சுள்ள லீவர்கள் அவசியம்.

பேட்டரி விஷயத்தில் சிக்கனம் கூடாது. 2022 மார்ச் மாதத்தில் வேலூரில், வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் பதின்மூன்று வயது மகளும் இறந்த துயரத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கோடையில் 40 டிகிரியைக் கடந்து காய்கிற திருத்தணிப் பிரதேசத்தில், 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றலாகாத லித்தியம் பேட்டரியைத் தகரக் கொட்டகையின் கீழ் வைப்பது பேரபாயம். வெயில் தணிந்த பிறகு, படுக்கும் அறைக்கும் வெளியேறும் வழிக்கும் தொலைவில், விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் சார்ஜ் ஏற்றுங்கள். 36 வோல்ட் பேட்டரி என்று ஒரே பெயரில் விற்றாலும், பத்து செல்களைத் தொடராக அடுக்கிய சாதாரண லித்தியத்திற்கு 42 வோல்ட் சார்ஜரும், பன்னிரண்டு செல்களைத் தொடராக அடுக்கிய பாஸ்பேட் வகைக்கு 43.8 வோல்ட் சார்ஜரும் வேண்டும். ஒன்றை மற்றொன்றில் மாட்டுவது நெருப்போடு விளையாடுவது. உபயோகித்த பேட்டரிகளைப் பிரித்து மறுபடி கோத்தவற்றை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

பொருள் கெட்டுப்போனாலோ, சொன்னது வேறு வந்தது வேறு என்றாலோ, பரிகாரம் உண்டு. இறக்குமதியான பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், உற்பத்தியான நாடும், விலையும் அச்சாகியிருக்க வேண்டும். இணைய வணிக நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் தீர்த்தல் 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி கடமை. அதுவும் பயன்படாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் அப்பால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாங்குபவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க உரிமை தந்திருக்கிறது. விற்றவர் டில்லியில் இருந்தாலும் பள்ளிப்பட்டுவாசி திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்ச ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. பொருளை ஆய்வகத்திற்கு அனுப்பிச் சோதிக்கவும் ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு. இவையெல்லாம் ஆதாரம் இருந்தால்தான் பலிக்கும். ஆகையால், பில் இல்லாத பொருளை மலிவுக்காக வாங்காதீர்கள். பெட்டியைப் பிரிக்கும்போது கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். தொடர்திறனையும் வேக எல்லையையும் குறித்து விற்பனையாளர் எழுதித் தந்த கடிதத்தைப் பில்லோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.