ஏறுவது ஈஸி... இறங்குவதுதான் சோதனை! ஆல்ப்ஸ் மலைச்சாலைகளில் பழைய கார்கள் தாக்குப்பிடிப்பது எப்படி?

பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஏ.பி.எஸ். கிடையாது. சிலவற்றில் சீட் பெல்ட்கூட கிடையாது. அப்படிப்பட்ட 50, 60 வருஷத்துப் பழைய கார்கள், ஒவ்வொரு கோடையிலும் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களில் வரிசைகட்டி ஏறுகின்றன. 2,000 மீட்டருக்கு மேல் உயரம், அடுத்தடுத்து கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. இதையெல்லாம் இந்த வண்டிகள் எப்படித் தாங்குகின்றன? உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

எது கிளாசிக் கார்?

பழைய கார் எல்லாமே கிளாசிக் கார் ஆகிவிடாது. 1966-ல் தொடங்கப்பட்ட பழமையான வாகனங்களுக்கான சர்வதேச கூட்டமைப்பு 'ஃபீவா' இதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. வண்டிக்கு குறைந்தது 30 வயது ஆகியிருக்க வேண்டும். தயாரிக்கப்பட்ட காலத்து நிலையிலேயே பராமரிக்கப்பட வேண்டும். தினசரிப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.

அப்படின்னா மியூசியத்தில் நிறுத்திவிட வேண்டியதுதானே? அங்கதான் சிக்கல். ஓடாமல் நிற்கும் கார் தானாகவே கெட்டுப்போகும். ரப்பர் சீல்கள் காய்ந்துவிடும், பெட்ரோல் பிசின் போல மாறி கார்புரேட்டரை அடைக்கும், பிரேக் சிலிண்டருக்குள் துரு பிடிக்கும். அதனால்தான் ஓட்டிக்கொண்டே இருப்பதும் பராமரிப்பின் ஒரு பகுதி என்கிறார்கள் பழைய கார் உரிமையாளர்கள். ஓட்டுவதற்கு அவர்கள் அதிகம் விரும்பும் இடங்களில் ஒன்று ஆல்ப்ஸ்.

குதிரைக்காகப் போட்ட சாலை

ஆல்ப்ஸ் கணவாய்ச் சாலைகளில் பல, கார் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே போடப்பட்டவை. இத்தாலியில் உள்ள ஸ்டெல்வியோ இதற்கு நல்ல உதாரணம். ஆஸ்திரியப் பேரரசு, தன் வசம் இருந்த லொம்பார்டியை டிரோல் பகுதியோடு இணைக்க இந்தச் சாலையைப் போட்டது. பொறியாளர் கார்லோ டொனேகானி தலைமையில் 1820 முதல் 1825 வரை வேலை நடந்தது. உச்சியின் உயரம் 2,757 மீட்டர். பிராட்டோ கிராமத்தில் இருந்து ஏறும் பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவுக்கும் எண் எழுதிய கல் உண்டு.

ஏன் இவ்வளவு வளைவுகள்? வண்டி இழுக்கும் குதிரை செங்குத்தாக ஏற முடியாது. சரிவைக் குறைக்க வேண்டும் என்றால் சாலையை மடித்து மடித்துத்தான் கொண்டுபோக வேண்டும். குதிரைக்காகச் செய்த அந்த ஏற்பாடுதான், பிறகு வந்த சக்தி குறைந்த பழைய கார்களுக்கும் கைகொடுத்தது.

ஆஸ்திரியாவின் கிராஸ்குளோக்னர் சாலை கதை வேறு. அது காருக்காகவே போடப்பட்டது. பொறியாளர் ஃபிரான்ஸ் வல்லாக் வடிவமைத்த இந்த 48 கிலோமீட்டர் சாலை 1935 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட இதில் செல்ல கட்டணம் உண்டு.

சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் கணவாயில், தெற்குப் பக்கம் இறங்கும் 'ட்ரெமோலா' பழைய சாலையில் இன்றும் கருங்கல் பதித்த பாதை அப்படியே இருக்கிறது. 1980-ல் கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர் நீள கோட்ஹார்ட் சுரங்கச் சாலை திறக்கப்பட்டதும், அவசரமாகப் போகும் வண்டிகள் மலைக்கு அடியில் போய்விட்டன. மேலே உள்ள பாதை நிதானமாகப் போகிறவர்களுக்கு மிச்சமானது.

சினிமாவும் இந்தச் சாலைகளைப் பிரபலமாக்கியது. 1964-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் 'கோல்ட்ஃபிங்கர்'-ல் ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 ஓடியது சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா கணவாயில்தான்.

25 வருஷம் காருக்குத் தடை!

இன்று கார் பிரியர்கள் தேடிப்போகும் சுவிட்சர்லாந்தின் கிராவ்புண்டன் மாகாணம், ஒரு காலத்தில் கார்களை உள்ளேயே விடவில்லை. 1900-ல் போட்ட தடை 1925 வரை நீடித்தது. குதிரைகள் மிரளுகின்றன, புழுதி பறக்கிறது, குறுகிய சாலையில் ஆபத்து என்பவை எதிர்ப்பாளர்கள் சொன்ன காரணங்கள். திரும்பத் திரும்ப மக்கள் வாக்கெடுப்பு நடந்து, கடைசியில்தான் தடை நீங்கியது.

ரோல்ஸ் ராய்ஸுக்கே பாடம் சொன்ன மலை

கார் கம்பெனிகளுக்கு ஆல்ப்ஸ் ஒரு பரீட்சைக் கூடமாகவே இருந்தது. 1912-ல் ஆஸ்திரியாவில் நடந்த ஆல்பைன் போட்டியில், ஜேம்ஸ் ராட்லி என்பவர் தன் சொந்த ரோல்ஸ் ராய்ஸுடன் கலந்துகொண்டார். காட்ஷ்பெர்க் கணவாயின் செங்குத்துச் சரிவில் கார் ஏற முடியாமல் நின்றுவிட்டது. என்ஜினில் குறை இல்லை. மூன்று கியர் மட்டுமே இருந்த அந்தக் காரின் முதல் கியர், அந்தச் சரிவுக்குப் போதவில்லை.

உலகின் சிறந்த கார் என்று பெயர் வாங்கிய நிறுவனத்துக்கு இது பெரிய அவமானம். அடுத்த வருஷமே நான்கு கியர் கொண்ட கார்களோடு திரும்பி வந்து, அதே மலைகளைக் கடந்து பரிசுகளை அள்ளியது ரோல்ஸ் ராய்ஸ்.

பின்னாளில் நடந்த 'கூப் தெ ஆல்ப்ஸ்' போட்டியில், தொடர்ந்து மூன்று வருஷம் ஒரு பெனால்டி புள்ளிகூட வாங்காமல் முடித்தால் தங்கக் கோப்பை. அதை முதலில் வென்றவர் ஜாகுவார் எக்ஸ்கே120 ஓட்டிய இயான் ஆப்பிள்யார்ட். அடுத்து வென்றவர் ஸ்டிர்லிங் மாஸ்.

ஏறும்போது என்ன ஆகும்?

மூன்று பிரச்னைகள் வரும்.

முதலாவது, மூச்சுத் திணறல். மனிதனுக்கு மட்டும் இல்ல, என்ஜினுக்கும்தான். உயரம் கூடக் கூட காற்றின் அடர்த்தி குறையும். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் என்ஜின் சக்தியில் சுமார் 10 சதவீதம் போய்விடும். கடல் மட்டத்தில் 60 குதிரைத்திறன் தரும் கார், ஸ்டெல்வியோ உச்சியில் 45-ஐ ஒட்டித்தான் தரும். புதிய கார்களில் கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவைத் தானே குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. காற்று குறைந்தாலும் பெட்ரோலைப் பழைய கணக்கிலேயே ஊற்றும். விளைவு: கரும்புகை, திணறல்.

இரண்டாவது, கொதிப்பு. சுமார் 2,750 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். பழைய கார்களில் பலவற்றின் ரேடியேட்டர் மூடியில் அழுத்தம் தாங்கும் வசதி இல்லை. முதல் கியரில் மெதுவாக ஏறும்போது எதிர்க்காற்றும் போதாது. அதனால்தான் நடுக் கோடையிலும் சிலர் ஹீட்டரை முழுசா போட்டு ஓட்டுவார்கள். என்ஜின் சூட்டில் கொஞ்சம் காருக்குள் வந்தாலும் பரவாயில்லை, ரேடியேட்டர் தப்பிக்கும். 1957-ல் வந்த ஃபியட் 500, ஃபோக்ஸ்வாகன் பீட்டில் போன்றவற்றுக்கு இந்தக் கவலை இல்லை. அவற்றில் ரேடியேட்டரே கிடையாது, காற்றால் குளிரும் என்ஜின்.

மூன்றாவது, சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடுவது. பம்ப் ஆவியை இழுக்க முடியாமல் வண்டி நின்றுவிடும். ஆறும் வரை காத்திருப்பதுதான் வழி.

கவனித்துப் பார்த்தால், இந்த மூன்றிலும் வண்டி நிற்கும், அவ்வளவுதான். உயிருக்கு ஆபத்து குறைவு.

இறங்கும்போதுதான் உண்மையான சோதனை

இறங்கும்போது கதையே வேறு. அங்கே பிரச்னை, வண்டி நிற்காமல் போவது.

ஒரு சின்ன கணக்கு. ஸ்டெல்வியோ உச்சியில் இருந்து பிராட்டோவுக்கு இறங்கினால் சுமார் 1,800 மீட்டர் இறக்கம். 1,200 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் கிட்டத்தட்ட 6 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். சாதாரணத் தண்ணீர் 60 லிட்டரைக் கொதிக்க வைக்கலாம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், இந்தச் சூட்டில் பெரும்பகுதி நான்கு சக்கரங்களின் பிரேக்கில்தான் இறங்கும்.

பழைய கார்களில் பெரும்பாலும் டிரம் பிரேக். சூடானதும் டிரம் விரிந்து, உள்ளே இருக்கும் பிரேக் ஷூவை விட்டு விலகும். ஷூவின் பிடிமானமும் குறையும். மிதிக்க மிதிக்க பெடல் கீழே போகும், வண்டி மட்டும் வேகம் குறையாது. டிஸ்க் பிரேக் திறந்தவெளியில் இருப்பதால் சீக்கிரம் ஆறும். 1953-ல் லே மான் பந்தயத்தை டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் வென்ற பிறகுதான் அதன் அருமை பரவலாகத் தெரிந்தது.

இன்னொரு மறைமுக எதிரி பிரேக் ஆயில். அது காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். 'டாட் 3' வகை புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரி வரை இறங்கலாம். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உருவாகும். அப்போது பெடலை மிதித்தால் குமிழ்கள்தான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. வருஷத்தில் சில நாள் மட்டும் ஓடும் கிளாசிக் கார்களில் ஆயில் மாற்ற மறந்துபோவது சகஜம் என்பதால், இந்த ஆபத்து அவற்றுக்கு அதிகம்.

அப்ப என்னதான் தீர்வு?

எந்த கியரில் ஏறினதோ, அந்த கியரிலேயே இறங்கணும். இதுதான் மலை ஓட்டுநர்களின் அடிப்படை விதி. குறைந்த கியரில் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கைக் காலில் தேய்த்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, பிறகு முழுசா விட்டு ஆற விட வேண்டும்.

ஆனால் கியரை எப்போது மாற்றுகிறோம் என்பது முக்கியம். ஃபியட் 500 போன்ற கார்களின் கியர் பாக்ஸில், கியர் சுலபமாக விழ உதவும் சிங்க்ரோமெஷ் கிடையாது. கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தட்டி, மறுபடியும் கிளட்ச் மிதித்துத்தான் கீழ் கியர் போட முடியும். சரிவின் நடுவே இதில் தப்பு நடந்தால் கார் நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும், வேகம் எகிறும். அதனால் இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே, உச்சியிலேயே கியரைக் குறைத்துவிட வேண்டும்.

சாலை விதியும் இதற்கு ஏற்றபடிதான். சுவிட்சர்லாந்தில் குறுகிய மலைச்சாலையில் இரண்டு கார்கள் எதிரெதிரே வந்து ஒதுங்க இடம் இல்லை என்றால், பொதுவாக இறங்கி வரும் வண்டிதான் பின்னால் போக வேண்டும். மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து வந்தால் அதன் டிரைவர் சொல்வதைக் கேட்க வேண்டும். வளைவுக்கு அந்தப் பக்கம் பேருந்து வருவதை அதன் மூன்று ஸ்வர ஹாரனே சொல்லிவிடும். அந்த ஒலி இசையமைப்பாளர் ரோசினியின் 'வில்லியம் டெல்' இசையில் இருந்து எடுக்கப்பட்டது.

கிளம்பும் முன் என்ன பார்க்க வேண்டும்?

* பிரேக் ஆயில் புதிதாக மாற்றப்பட்டதா?
* பிரேக் ஷூ தேய்மானம், ஹேண்ட் பிரேக் சரியா?
* ரேடியேட்டர், ஹோஸ் குழாய்கள், ஃபேன் பெல்ட் நல்ல நிலையில் உள்ளனவா?
* டயருக்கு வயசு என்ன? பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கலாம்.
* கணவாய் திறந்திருக்கிறதா? உயரமான பல கணவாய்கள் பனி காரணமாக ஜூன் வாக்கில் திறந்து, அக்டோபர், நவம்பரில் மூடப்படும்.

இதே சாலைகளில் இப்போது எலக்ட்ரிக் கார்களும் இறங்குகின்றன. அந்த 6 யூனிட்டில் ஒரு பகுதியை அவை பேட்டரிக்கே திருப்பி அனுப்பிவிடும். பழைய காருக்கு அந்த வசதி இல்லை. அடிவாரம் வந்து சேரும் வரை முழுச் சூட்டையும் என்ஜினும் பிரேக்கும்தான் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை முடிவு செய்வது, கியர் மேல் இருக்கும் ஓட்டுநரின் கை.