உலோகங்காண் கருவி எவ்வளவு ஆழம் காணும்?

நிலத்தடியில் உள்ள உலோகத்தை ஒலியெழுப்பிக் காட்டும் கருவியைப் பொழுதுபோக்காகக் கையில் ஏந்தி, வயல்வெளிகளிலும் கடற்கரைகளிலும் உலாவுவோர் மேனாடுகளிற் பலர் உளர். பத்தடி ஆழத்துப் பொற்குடமும் இதற்குத் தப்பாது என்று எண்ணுவோரும் உளர். உண்மை அதுவன்று. தனி நாணயமொன்றை இத்தகைய கருவி பொதுவாக 8 அல்லது 10 அங்குல ஆழத்துக்குள்ளேயே உணரும். பானையளவான பொருளாயின் இரண்டு மூன்று அடி வரை உணரக்கூடும்.

இவ்வளவு குறைவானேன்? கருவியின் அடியில் வட்டமான கம்பிச் சுருளொன்று உண்டு. அதில் ஆடலோட்டம் பாயும்போது, மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப் புலம் மண்ணுட் பரவுகின்றது. அப்புலம் உலோகத்திற் பட்டதும் உலோகத்தினுள்ளே சிறு மின்னோட்டங்கள் சுழல்கின்றன. அவை தம் பங்குக்கு ஒரு காந்தப் புலத்தை எழுப்ப, அதனையே சுருள் ஏற்று ஒலியாக்குகின்றது. ஆகவே செய்தி கீழே சென்று மேலே மீளல் வேண்டும். இங்கேதான் இடர்ப்பாடு. சுருளின் பருமனைத் தாண்டிய தூரத்தில் காந்தப் புலம் மிக விரைவாகத் தளர்கின்றது. தூரம் இருமடங்காயின் வலு எட்டிலொன்றாகும். மீளும் வழியிலும் அவ்வாறே எட்டிலொன்று. ஆழம் இரட்டித்தால் நமக்குக் கிடைப்பது அறுபத்துநான்கிலொரு பங்கே! சுருளில் ஓடும் மின்னோட்டத்தை இருமடங்காக்கினாலும் ஆழம் ஏறத்தாழ எட்டிலொரு பங்குதான் கூடும். விலையுயர்ந்த கருவியை வாங்குவோர் இக்கணக்கை முதலிற் பார்த்தல் நன்று.

பெரிய சுருளைப் பூட்டலாமே எனின், பெரும் பொருள்களுக்கு அது உதவும். சிறு நாணயமோ அதன் அகன்ற புலத்தில் அடையாளமின்றி மறைந்துவிடும். இரும்புச் சத்து மிகுந்த மண்ணும், உப்புநீர் ஊறிய மணலும் தாமே குரல் கொடுத்துக் கருவியைக் குழப்புவன. 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடலிற் பாய்ந்த குண்டை அலெக்சாந்தர் கிரகாம் பெல் இவ்வகைக் கருவியால் தேடித் தோற்றார். கட்டிலின் உலோகக் கம்பிகள் ஒரு தடை. குண்டு இடப்புறம் இருக்க, வலப்புறத்தையே சோதிக்குமாறு மருத்துவர் வற்புறுத்தியது பெருந்தடை.

ஆழம் காணாமை ஒருவகையில் நன்மையே. உழுபடை கிளறிய மேல்மண்ணில் அகப்படும் நாணயம் ஏற்கெனவே இடம்பெயர்ந்தது. அதற்குக் கீழேயோ பழைமை கலையாது கிடக்கின்றது. 1992 நவம்பர் 16ஆம் நாள், இங்கிலாந்தின் சபோக் பகுதியிலுள்ள ஹொக்சன் கிராமத்தில், குடியானவர் ஒருவர் தொலைத்த சுத்தியலைத் தேடி, இளைப்பாறிய நண்பர் இக்கருவியுடன் வயலில் இறங்கினார். றோமர் காலத்துக் காசுகளும் வெள்ளிக் கரண்டிகளும் வெளிப்பட்டன. சிறிது தோண்டியவர், கீழே மேலும் பல இருப்பதை உணர்ந்ததும் நிறுத்தி அதிகாரிகளுக்கு அறிவித்தார். மறுநாளே தொல்பொருளாய்வாளர் வந்து முறைப்படி அகழ்ந்தமையால், ஏறத்தாழ 15,000 நாணயங்கள் கிடைத்ததோடு, அத்திரவியம் மரப்பெட்டியொன்றில் எவ்வாறு அடுக்கிவைக்கப்பட்டிருந்தது என்பதும் தெரியவந்தது. ஆசையால் அவர் மேலும் தோண்டியிருப்பின், காசுகள் எஞ்சியிருக்கும். பெட்டியின் வரலாறு அழிந்திருக்கும். தொலைந்த சுத்தியலும் பின்னர் அகப்பட்டது. அது இப்பொழுது பிரித்தானிய நூதனசாலையில் இருக்கின்றது.