மளிகைக்காரர் உயிலும் ரக்பி தலைமையாசிரியர்களும்

இங்கிலாந்தின் பழைய பள்ளிக்கூடங்களைப் பற்றி எழுதுவோர், அவற்றின் தலைமையாசிரியர்களை ராஜ வமிசாவளியைப் போல வரிசைப்படுத்திச் சொல்வது வழக்கம். ரக்பி பள்ளியின் வரிசை அவற்றுள் மிகப் பிரசித்தமானது. 1828 முதல் 1869 வரை அங்கே அப்பதவியை வகித்தவர்கள் நால்வர். அவர்களில் டெயிட், டெம்பிள் ஆகிய இருவர் பின்னர் கான்டர்பரி ஆர்ச்பிஷப்புகளாயினர். முதல்வரான தாமஸ் ஆர்னால்டின் புகழோ அவ்விருவர் புகழையும் மிஞ்சியது. இந்தப் பெயர்களை நாமும் அறிவோம். ஆயினும் அப்பள்ளிக்குப் பொருள் வைத்துப்போன மனிதனின் நோக்கத்தை உரைகல்லாகக் கொண்டு இவ்வரிசையைப் பார்த்தால், வேறொரு சரித்திரம் தென்படுகிறது.

அம்மனிதன் பிரபுவுமல்லன், பாதிரியுமல்லன். ரக்பியில் பிறந்து லண்டனில் மளிகை வியாபாரம் செய்து, எலிஸபெத் ராணிக்கு வாசனைத் திரவியங்கள் கொடுத்துவந்த லாரன்ஸ் ஷெரிப் என்பவன். ரக்பி, பிரவுன்ஸோவர் முதலிய தன் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் இலவசமாகப் படிக்க ஒரு பள்ளி வேண்டுமென்று 1567-ல் உயில் எழுதினான். உபாத்தியாயருக்கு வருஷத்துக்கு 12 பவுன் சம்பளம். முதலில் ரொக்கமாக 100 பவுன் எழுதியவன், சில வாரங்களில் மனம் மாறி, அதற்குப் பதிலாக லண்டனுக்கு வெளியே தனக்கிருந்த நிலத்தில் மூன்றிலொரு பங்கை, ஏறக்குறைய எட்டு ஏக்கரை, எழுதிவைத்தான். அந்த மனமாற்றமே பள்ளியின் பாக்கியம். லண்டன் வளர்ந்தது, வயல்வெளி வீதிகளாயிற்று, 12 பவுன் பள்ளிக்கு ஆயிரக்கணக்கில் வாடகை வந்து குவியலாயிற்று.

பொருள் பெருகிய இடத்தில் பெரிய மனிதர்களும் பெருகுவது எந்நாட்டிலும் உள்ள வழக்கம். 1778-ல் வந்த தாமஸ் ஜேம்ஸ் ஈட்டன் பள்ளியில் படித்தவர். அப்பள்ளியின் முறைகளையே ரக்பியில் புகுத்தினார். தூரதேசத்துக் கனவான்களின் புதல்வர்கள் வந்து சேர்ந்தனர். அடுத்து வந்த இங்கிள்ஸ் காலத்தில், 1797-ல், உடைந்த ஜன்னல்களுக்கு மாணவர்களே பணம் கட்டவேண்டுமென்று உத்தரவு பிறந்தது. பிள்ளைகள் வெடிமருந்து வைத்துத் தலைமையாசிரியர் வகுப்பறையின் கதவைத் தகர்த்தனர். சிப்பாய்கள் வரவழைக்கப்பட்டுக் கலகச் சட்டம் வாசிக்கப்பட்டது! பிற்காலத்தில் நம் ஊர்களில் நிராயுதபாணிகளின் ஊர்வலங்களைக் கலையச் சொல்லி உத்தரவிட்ட துரைமார் இத்தகைய பள்ளிகளில் பயின்றவர்களே என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

ஆர்னால்ட் 1828-ல் பதவியேற்று, 1842-ல், நாற்பத்தேழு வயது நிரம்ப ஒரு நாள் இருக்கையில், பதவியிலேயே காலமானார். அவருடைய நேர்மையையும் சிரத்தையையும் நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். பொய்யை வெறுத்தார், பிள்ளைகளின் சொல்லை நம்பினார், சரித்திரத்தை உயிருள்ள பாடமாக்கினார். மேல்வகுப்பு மாணவர் கையில் அதிகாரத்தைக் கொடுத்து, அவர்கள் மூலம் பள்ளி முழுவதையும் ஆண்டார். சிலரைக்கொண்டு பலரை ஆளும் இவ்வித்தை பிறகு எங்கெல்லாம் பயன்பட்டதென்பது நமக்குத் தெரியாததன்று.

ஆனால் ஷெரிப்பின் ஊர்ப் பிள்ளைகள் என்னவாயினர்? இங்கே சட்டத்தைச் சிறிது சொல்லவேண்டும். இலக்கணப் பள்ளி என்றால் லத்தீனும் கிரேக்கமும் கற்பிக்கும் பள்ளியென்றே பொருள் என்று லார்டு எல்டன், லீட்ஸ் பள்ளி வழக்கில் 1805-ல் தீர்ப்பளித்தார். கடைக்காரன் மகனுக்கு வேண்டியது கணக்கும் தாய்மொழியும். லத்தீனே படிப்பதென்றாலும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கக் கீழ்வகுப்பு வேண்டும். ஆர்னால்டோ சிறு பிள்ளைகளின் கீழ்வகுப்புகளை விரும்பவில்லை, அவற்றை மெலியவிட்டார். ஏணியின் கீழ்ப்படிகளை எடுத்துவிட்டு, மேலே ஏற யாருக்கும் தடையில்லை என்பது போலாயிற்று. ஊர் வக்கீல் ஒருவர் நீதிமன்றம் ஏறினார். 1839-ல் லார்டு லாங்டேல் இவ்விஷயத்தில் தலைமையாசிரியர்மீது குறை கண்டார். ஆர்னால்டைப் போற்றும் நூல்களில் இவ்வழக்குக்குக் கிடைக்கும் இடம் மிகச் சொற்பம். இதற்கிடையே இலவசக் கல்வியை நாடி வெளியூர்க் கனவான்களின் குடும்பங்கள் ரக்பியில் வந்து குடியேறி, ஊரார் என்ற உரிமையையும் பெற்றுக்கொண்டன.

ஆர்னால்டின் பயிற்சி நம் நாட்டையும் எட்டியது. அவருடைய மகன் வில்லியம் பஞ்சாபின் முதல் கல்வி டைரக்டராயிருந்து, 1859-ல் தாய்நாடு திரும்பும் வழியில் ஜிப்ரால்டரில் இறந்தார். கம்பெனி சேனை அதிகாரிகளின் ஒழுக்கத்தைக் கண்டித்து நாவல் எழுதிய நல்ல மனிதர் அவர். ஆர்னால்டின் மற்றொரு மாணவன் ஹாட்ஸன். 1857 செப்டம்பரில் டில்லியில், சரணடைந்த பகதூர்ஷாவின் புதல்வர் இருவரையும் பேரன் ஒருவரையும் தன் கையாலேயே சுட்டுக்கொன்றவன் இவனே. ஆர்னால்டின் ரக்பியை வானளாவப் புகழும் தாமஸ் ஹியூஸின் கதை வெளிவந்ததும் அதே 1857-ல்தான்.

டெயிட், கூல்பர்ன், டெம்பிள் காலங்களை விரைவில் கடக்கலாம். டெம்பிள் விஞ்ஞானப் பாடத்துக்கு இடம் தந்தது மட்டும் குறிப்பிடத்தக்கது. அவருக்குப் பின் வந்த ஹேமனின் கதையே நம் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு ருசிகரமானது. 1868-ம் வருஷத்துச் சட்டம் ஈட்டன், ஹாரோ, ரக்பி முதலிய ஏழு பள்ளிகளுக்குப் புதிய நிர்வாக சபைகளை ஏற்படுத்தி, தலைமையாசிரியர் அச்சபையின் விருப்பம் உள்ளவரையே பதவி வகிப்பார் என்று விதித்தது. ஆனால் 1869-ல் ஹேமனைப் பொறுக்கியவர்கள் பழைய தர்மகர்த்தாக்கள். உதவியாசிரியர்கள் முதல் நாளே எதிர்த்தனர். டெம்பிளும் அந்நியமனத்தை விரும்பவில்லை. பின்னர் அமைந்த புதிய சபையில் டெம்பிளே அங்கத்தினரானார்! பள்ளியில் பிள்ளைகள் குறைந்தனர். 1873 டிசம்பரில் ஹேமன் நீக்கப்பட்டார். முன்னமே விரோதம் கொண்டவர்கள் நீதிபதிகளாக உட்காரலாமா என்பது அவர் தரப்புக் கேள்வி. 1874-ல் வழக்கை விசாரித்த வைஸ் சான்சலர் மாலின்ஸ், ஹேமன்மீது அனுதாபம் காட்டினார்; ஆயினும் சட்டம் சபைக்கு அளித்த அதிகாரத்தில் தலையிட மறுத்தார். பிரதம மந்திரி டிஸ்ரேலி அவருக்கு லங்காஷயரில் ஒரு கோயில் உத்தியோகம் கொடுத்து அனுப்பினார்.

ஹேமன் திறமைசாலியல்லர் என்றே வைத்துக்கொள்வோம். அவரை நியமித்த பொழுதும் நீக்கிய பொழுதும், ரக்பி நகரத்துத் தச்சனையோ கடைக்காரனையோ கேட்டவர் உண்டா? அவனுடைய பிள்ளைக்காகத்தான் அந்த எட்டு ஏக்கர் எழுதிவைக்கப்பட்டது. பெரிய பள்ளி செல்வர்களுக்கே நிலைத்துவிட்டது. ஊர்ப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு கீழ்ப்பள்ளி, லாரன்ஸ் ஷெரிப்பின் பெயராலேயே, 1878-ல் திறக்கப்பட்டது. உயில் எழுதி அப்பொழுது 311 ஆண்டுகளாகியிருந்தன.