வெள்ளிப் பத்துச் சதமும் ஓர் ஈடும்

ஹட்டனில் வாப்பாவின் சில்லறைக் கடையை மூடியபோது, லாச்சியின் அடியில் ஒரு துணி முடிச்சு அகப்பட்டது. உள்ளே 11 வெள்ளிப் பத்துச் சதக் காசுகள். பழைய நாணயம் சேர்ப்பது என் நெடுநாள் பழக்கம். எனவே காசைத்தான் முதலில் பார்த்தேன். கூடவே இருந்த துண்டுச் சீட்டைப் பிறகுதான் வாசித்தேன். அது பிழை என்று இப்போது விளங்குகிறது. இருந்தாலும் காசை மதிப்பிடும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இலங்கையில் 10, 25, 50 சத வெள்ளிக் காசுகள் 1892இல் வெளிவரத் தொடங்கின. ஒரு பக்கம் ஆட்சியாளரின் உருவம். மறுபக்கம் தாளிப்பனை மரம். பத்துச் சதத்தின் நிறை ஏறக்குறைய 1.17 கிராம். அன்று இங்கே புழங்கிய இந்திய வெள்ளி ரூபாயின் நிறையில் இது பத்தில் ஒரு பங்கு. ஆனால் அந்த ரூபாயில் வெள்ளி 91.7 வீதம், நமது காசில் 80 வீதம்தான். முதலாம் உலகப் போரையடுத்து வெள்ளி விலை ஏறவே, 1919 முதல் 1928 வரையான பத்துச் சதத்தில் அது 55 வீதமாகக் குறைக்கப்பட்டது. ஆகவே முதலில் ஆண்டைப் பாருங்கள். 1917ஆம் ஆண்டுக் காசில் சுத்த வெள்ளி சுமார் 0.93 கிராம், 1919ஆம் ஆண்டுக் காசில் 0.64 கிராம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அடுத்தது தேய்மானம். காசின் மேடான இடங்களே முதலில் தேயும். முகத்தில் தலைமுடிக் கோடுகளையும், பின்புறத்தில் பனையோலைக் கீற்றுகளையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கீற்றுகள் தனித்தனியாகத் தெரிந்தால் நல்ல தரம். மரம் வெறும் நிழலாகத் தெரிந்தால் தாழ்ந்த தரம். அமெரிக்காவில் 1949இல் ஷெல்டன் என்பவர் வகுத்த 1 முதல் 70 வரையான அளவுகோலும் இப்படிப் பார்த்துத்தான் புள்ளி போடுகிறது.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள். கறுப்பேறிய காசைப் பளபளப்பாக்கினால் விலை கூடும் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். உண்மையில் மேற்பரப்பு கீறுபட்டு விலை இறங்கிவிடும்.

துளையிட்ட காசைச் சேகரிப்பாளர் பழுது என்றே ஒதுக்குவார். பெரும்பாலும் உருக்கும் விலைதான் கிடைக்கும். என் 11 காசுகளில் 9 துளையிட்டவை. மாலையாகக் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தவை.

சீட்டில் வாப்பாவின் கையெழுத்து. ஒரு தோட்டத்தின் பெயர், ஒரு பெண்ணின் பெயர், 1971, ‘பற்று 14 ரூபா, ஈடு’. உம்மாவிடம் கேட்டேன். “அந்தப் பொம்புள இந்தியாவுக்குப் போயிட்டா மகன். திரும்பி வரல்ல. வாப்பா மவுத்தாகும் வரைக்கும் அந்த முடிச்ச அவுக்கல்ல,” என்றார்.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவேண்டும் என்றானது. லயங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தலைமன்னாருக்கு ரயிலேறினார்கள். அந்த அவசரத்தில் கடைப் பற்றைத் தீர்த்து ஈட்டை மீட்க எல்லோராலும் முடியவில்லை.

ஈடு வைத்த பொருள் வைத்தவருக்கே சொந்தம். நம் கையில் அது அமானிதம். இதை ஓதித் தெரிந்தவன்தான் நான். ஆனாலும் சீட்டை வாசிக்குமுன் மனதுக்குள் விலை போட்டுவிட்டேன்.

இப்போது ஒவ்வொரு காசின் ஆண்டு, நிறை, தரம், துளை எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி, அந்தப் பெண்ணின் பெயரையும் மேலே எழுதியிருக்கிறேன். 14 ரூபா பற்றை அழித்துவிட்டேன். தாயகம் திரும்பியோர் பலர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கம் குடியேறினார்கள். அங்கே போய்வரும் உறவினரிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

மலையகத்தில் கடை வைத்திருந்த நம்மவர் வீடுகளில் இப்படி இன்னும் முடிச்சுகள் இருக்கலாம். அகப்பட்டால் கழுவாதீர்கள், துலைக்குக் கொண்டுபோகாதீர்கள். முதலில் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.