நெஞ்சில் நீர் வடித்த பின் முதியோரின் நுரையீரல்

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் நூற்றுக்கு 12.6 பேர் அறுபது வயதை எட்டியவர்கள். நாடு முழுவதற்குமான விகிதம் 8.6 ஆகும். ஆகவே, முதியோரின் நோய்களும் அவற்றிலிருந்து மீளும் வழிகளும் அம்மாநிலத்தில் தனிக் கவனம் பெறுகின்றன. நெஞ்சில் நீர் கோத்தல் அவற்றுள் ஒன்று. திருவனந்தபுரத்தில் 1951இல் தொடங்கப்பெற்ற மருத்துவக் கல்லூரி, புலையனார்கோட்டை நெஞ்சக நோய் மருத்துவமனை, 1981இல் நிறுவப்பெற்ற மண்டலப் புற்றுநோய் மையம் ஆகியவை இத்தகைய நோய்களுக்குச் சிகிச்சை அளிக்கும் நிலையங்களாகும்.

நுரையீரலை இரு மெல்லிய உறைகள் போர்த்தியுள்ளன. அவற்றினிடையே சில மில்லிலிட்டர் நீரே இயல்பாக இருக்கும். காசநோய், நிமோனியா, புற்றுநோய், இதயத் தளர்ச்சி முதலியவற்றால் இது லிட்டர் கணக்கில் பெருகக்கூடும். அப்போது நுரையீரல் சுருங்குகிறது, உதரவிதானம் கீழே தள்ளப்படுகிறது, மூச்சுத் திணறுகிறது.

ஊசி அல்லது குழாய் வழியே நீரை வடிக்கும்போது, பொதுவாக ஒரே முறையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுப்பதில்லை. நெடுநாள் சுருங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென விரிந்தால் அதன் திசுக்களிலேயே நீர் கோக்கும் அபாயம் உண்டு.

நீர் வடிந்ததும் திணறல் பெரும்பாலும் விரைவில் தணிகிறது. உதரவிதானம் தன் பழைய வடிவத்தைப் பெறுவதே இதற்கு முக்கியக் காரணம். நுரையீரலின் கொள்ளளவோ, வடித்த நீரின் அளவுக்கு உடனே உயர்வதில்லை. ஆகவே திணறல் தணிந்ததையே முழுக் குணமெனக் கொள்ளலாகாது. உறை தடித்துப்போயிருப்பின் நுரையீரல் முழுமையாக விரியாமலும் போகலாம்.

முதியோருக்கு விலாக்கூடு இறுகியும் மூச்சுத் தசைகள் தளர்ந்தும் இருப்பதால் மீட்சி மெதுவாகவே நிகழும். அன்பின் மிகுதியால் அவர்களைப் படுக்கையிலேயே கிடத்துவது தீங்காகிறது. தசை மேலும் நலிகிறது, சளி தேங்குகிறது. மருத்துவர் இசைந்தவுடன் நிமிர்ந்து உட்காருதல், ஆழ்ந்து மூச்சிழுத்தல், சிறு தொலைவு நடத்தல், புரதம் நிறைந்த உணவு ஆகியவை தேவை. புகைப்பதை அறவே கைவிட வேண்டும்.

நீரை வடிப்பது காரணத்தை நீக்குவதாகாது. காசநோயாயின், வழக்கமாக ஆறு மாத மருந்தை முழுமையாக உட்கொள்ள வேண்டும். திணறல், காய்ச்சல், நெஞ்சுவலி மீண்டும் தோன்றினால் தாமதமின்றி மருத்துவமனையை நாடவேண்டும்.

புற்றுநோயால் நீர் மீண்டும் மீண்டும் கோப்போருக்கு முழு மீட்சி இயலாதபோதும், திணறலைத் தணிப்பதே பெரும் பேறு. கேரள அரசு 2008இல் அறிவித்த நோய்த் தணிப்புப் பராமரிப்புக் கொள்கை, உள்ளாட்சி அமைப்புகள் வாயிலாக இத்தகையோரின் இல்லங்களுக்கே செவிலியர் செல்ல வழிவகுத்தது. பிள்ளைகள் தொலைநாடுகளில் பணிபுரிய, தனித்து வாழும் முதியோருக்கு அவ்வருகை இன்றியமையாத துணையாகும். மருத்துவமனையில் தொடங்கும் மீட்சி இல்லத்திலேதான் நிறைவு பெறுகிறது.