தெசலோனிக்கி: ஒரு கடற்கரை நகரமும் ஒரு மொழியும்

இன்று ஒரு பயணத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். இது இலக்கிய நிகழ்வு என்பதால் இடையில் ஒரு புத்தகமும் வரும்.

தமிழில் விவிலியம் வாசித்தவர்களுக்குத் தெசலோனிக்கேயர் என்ற பெயர் தெரிந்திருக்கும். பவுல் நிருபம் எழுதியது இந்த நகரத்துச் சபைக்குத்தான். கி.மு. 315 இல் மாசிடோனியாவை ஆண்ட கசாண்டர் இதை நிறுவித் தன் மனைவி தெசலோனிக்கேயின் பெயரைச் சூட்டினான். அவள் மகா அலெக்சாண்டரின் சகோதரி. தந்தை ஒருவர், தாய் வேறு. இன்று இது கிரேக்கத்தின் இரண்டாவது பெரிய நகரம்.

முதல் நாள் எல்லாச் சுற்றுலாப் பயணிகளையும் போலவே சுற்றினேன். கடலோர நடைபாதை, வெள்ளைக் கோபுரம், வானம் தெளிவாக இருந்தால் வளைகுடாவுக்கு அப்பால் தெரியும் ஒலிம்பஸ் மலை. பிறகு ரொட்டுண்டா. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமர் கட்டிய வட்டக் கட்டடம் அது. பின்னர் தேவாலயமாகி, ஓட்டோமான் ஆட்சியில் பள்ளிவாசலும் ஆனது. பக்கத்தில் மினாரா இன்னும் நிற்கிறது. இந்த நகரத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை அந்த ஒரு கட்டடமே சொல்லிவிடும் என்று நினைத்தேன். ஆனால் ஒரு பெரிய கூட்டம் அதில் இல்லை.

அவர்களை மறுநாள் யூத அருங்காட்சியகத்தில் கண்டேன். கீழ்த்தளம் முழுக்கக் கல்லறைக் கற்கள், அவற்றின்மேல் எபிரேய எழுத்துகள்.

1492 இல் ஸ்பெயின் தன் யூதர்களை நாட்டைவிட்டுத் துரத்தியது. அவர்களில் பல்லாயிரம் பேரை ஓட்டோமான் பேரரசு ஏற்றுக்கொண்டது. தெசலோனிக்கி அவர்களுடைய பெரிய நகரங்களில் ஒன்றானது. கூடவே அவர்கள் கொண்டுவந்தது அக்காலத்து ஸ்பானிய மொழி. லடினோ என்று இன்று அழைக்கப்படும் அந்த மொழியை எபிரேய எழுத்தில் எழுதினார்கள். சுமார் 450 ஆண்டுகள் அது இங்கே பேசப்பட்டது.

எப்படி முடிந்தது? எனக்கு இந்தக் கேள்வி முக்கியம். என் வீட்டில் தமிழ் சமையலறையைத் தாண்டுவதில்லை. பிள்ளைகள் சாப்பாடு கேட்கும்போது தமிழ் வரும். பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லும்போது வராது.

லடினோ வீட்டுக்கு வெளியிலும் வேலை செய்த மொழி. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் மீனவர்களும் அதைப் பேசினார்கள். அவர்களுக்காகச் சனிக்கிழமைகளில் துறைமுகமே மூடப்பட்டது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கே யூதர்களின் அச்சகம் இருந்தது. துருக்கியம், கிரேக்கம், பிரெஞ்சு என்று அக்கம்பக்கத்துச் சொற்களையெல்லாம் லடினோ சேர்த்துக்கொண்டது.

இங்கேதான் அந்தப் புத்தகம் வருகிறது. சஅதி பெசலேல் அலெவி என்ற அச்சுத்தொழிலாளர் 1875 இல் 'லா எபோகா' என்ற லடினோப் பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கு முந்தைய ஆண்டு மதத் தலைவர்கள் அவரைச் சமூகத்திலிருந்து விலக்கி வைத்திருந்தார்கள். அந்த அநியாயத்தைச் சொல்வதற்காகவே தன் வாழ்க்கையை லடினோவில் எழுதினார். அந்த மொழியில் நமக்குத் தெரிந்த முதல் தன்வரலாறு அது. கையெழுத்துப் பிரதி குடும்பத்தாரின் கைகளில் நாடு கடந்து, கடைசியில் ஜெருசலேம் தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. 2012 இல்தான் ஆங்கில மொழிபெயர்ப்போடு நூலாக வெளிவந்தது.

பிரதி ஊரைவிட்டுப் போனதால் தப்பியது. ஊரில் இருந்தவர்களுக்கு நேர்ந்தது வேறு. 1912 இல் நகரம் கிரேக்கத்தின் வசமானது. 1917 தீயில் 70,000 பேருக்கு மேல் வீடிழந்தார்கள்; பெரும்பான்மையினர் யூதர்கள். பிறகு ஜேர்மன் ஆக்கிரமிப்பு வந்தது. 1943 மார்ச்சில் முதல் ரயில் புறப்பட்டது. சில மாதங்களில் 45,000க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டார்கள், பெரும்பாலும் ஆவுஷ்விட்சுக்கு. திரும்பி வந்தவர்கள் இரண்டாயிரம் பேர்கூட இல்லை.

மூன்றாம் நாள் அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். புல்வெளியில் மாணவர்கள் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வளாகத்தின் கீழே இருப்பது பழைய யூத மயானம். 1942 டிசம்பரில், ஆக்கிரமிப்பாளர்களின் அனுமதியோடு, நகர நிர்வாகத்தின் ஆட்கள் அதை இடித்தார்கள். கற்கள் சுவர்களுக்கும் நடைபாதைகளுக்கும் போயின. வளாகத்தில் ஒரு நினைவுச் சின்னம் எழும்ப 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர்கள் கதையும் எங்கள் கதையும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் புலம்பெயர்ந்த நாட்டில் தமிழ் இன்னும் எத்தனை தலைமுறை என்று நாங்கள் கூட்டம் போட்டுக் கவலைப்படும்போது, நாலரை நூற்றாண்டு என்ற கணக்கை நினைத்துக்கொள்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கேயும் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். லடினோ தளர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் அந்த நகரத்தில் அதன் குரலை அடக்கியது பிள்ளைகளின் அலட்சியம் இல்லை. பேசியவர்களைக் கொன்றார்கள்.

ஊர் திரும்பியதும் ஒரு சின்ன வேலை செய்தேன். என் அம்மாவிடம் அவருடைய பள்ளிக்கூட நாட்களைத் தமிழில் எழுதித் தரச் சொன்னேன். இதுவரை பதினொரு பக்கம் வந்திருக்கிறது.

நீங்கள் தெசலோனிக்கிக்குப் போனால் அருங்காட்சியகத்துக்கு ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். சனிக்கிழமை போகாதீர்கள். துறைமுகம் இப்போது சனிக்கிழமைகளில் மூடுவதில்லை. அருங்காட்சியகம் மட்டும் மூடுகிறது.

கேள்விகள் இருந்தால் பேசுவோம்.